செம்மறியைக் கொல்வது பனியா, ஈரமா?

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூருக்கு அருகே அறுபது செம்மறிகள் வைத்திருக்கும் ஒருவர் இங்கே கேட்டிருப்பது இதுதான். சென்ற கார்த்திகையிலும் மார்கழியிலுமாக அவருடைய பட்டியில் 11 குட்டிகளும் 3 தாயாடுகளும் இறந்துவிட்டன. ஏழு குட்டிகள் பிறந்த இரண்டு நாளுக்குள், அடைமழை பெய்த ஒரே வாரத்தில் போயின. நான்கு குட்டிகள் ஒரு மாத வயதில் இருமி இருமி இறந்தன. தாயாடுகள் மூன்றும் மெலிந்து, தாடைக்குக் கீழே பை போல வீங்கி, அடுத்தடுத்த வாரங்களில் விடியற்காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டன. குளிர் தாங்காமல் செத்துவிட்டன என்று ஊரில் எல்லோரும் சொன்னார்களாம். ஆனால் முழங்கால் அளவு பனியில் ஆட்டு மந்தைகள் சாவகாசமாக நிற்கும் காணொளிகளைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சந்தேகம். அங்கே சாகாத ஆடு இங்கே ஏன் சாகிறது? வரும் பருவத்துக்குக் கொட்டகையைச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டி மூடி, உள்ளே கரி அடுப்பு வைக்கலாமா? அல்லது குளிர் தாங்கும் கம்பளி ஆட்டு இனமாகப் பார்த்து வாங்கிவிடலாமா?

மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: என் ஆடுகளைக் கொன்றது எது? அது தெரியாமல் தார்ப்பாய்க்கும் அடுப்புக்கும் செலவு செய்தால் வரும் கார்த்திகையிலும் இதே கணக்குத்தான் வரும். நான் வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் கால்நடை உதவி மருத்துவராக வேலைக்குச் சேர்ந்து, அது பிரிந்து பிரிந்து கடைசியில் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானதற்குப் பிறகு ஓய்வு பெற்றவன். ஜவ்வாது மலை அடிவாரம், அணைக்கட்டு, குடியாத்தம், பேரணாம்பட்டு என்று பெரும்பாலும் ஆட்டுப்பட்டிகள் உள்ள பக்கங்களில்தான் வேலை பார்த்தேன். பனி கொட்டும் நாட்டில் ஒருநாளும் ஆடு பார்த்ததில்லை. அந்த விவரமெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். அதைவிட முக்கியமாக, உங்கள் ஆடுகளை நான் பார்க்கவில்லை. இறந்தவற்றை யாரும் அறுத்துப் பார்க்கவும் இல்லை. ஆகவே எது உறுதி, எது ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் பனி என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. புல்நுனியில் நிற்கும் துளியும் நமக்குப் பனி, விடியலில் சாலையை மறைக்கும் மூட்டமும் பனி, இமயத்தில் மலை மலையாகக் குவிந்து கிடப்பதும் பனி. மூன்றும் ஆட்டின் உடம்பில் செய்யும் வேலை வேறு வேறு. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தபோது ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும், மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் வைத்தார்கள். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, ஆடு வளர்ப்பவர்கள் பயப்படுவதெல்லாம் பனிக்குத்தான். ஆனால் நான் வேலை பார்த்த ஆண்டுகளில் குட்டிச்சாவு என்று என்னை அதிகம் அழைத்தது பனிப்பருவத்தில் அல்ல, கூதிரில். வேலூர்ச் சமவெளியில் மார்கழி, தை இரவுகள் பெரும்பாலும் 17, 18 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். சில இரவுகள் அதற்கும் கீழே இறங்கும். ஏலகிரியிலும் ஜவ்வாதிலும் இன்னும் குறையும். உடம்பு உலர்ந்து, வயிறு நிறைந்து, நோயில்லாமல் இருக்கும் வளர்ந்த செம்மறியை இந்தக் குளிர் கொல்லாது. இது உறுதி.

காணொளியில் நீங்கள் பார்த்த ஆடு எப்படிப் பிழைக்கிறது என்று பார்த்தால் நம் ஆடு ஏன் சாகிறது என்பதும் விளங்கிவிடும். அது போர்த்திக்கொண்டிருப்பது கம்பளி. சுருள் சுருளான அந்த இழைகளுக்கு நடுவே காற்று அசையாமல் தங்கிவிடுகிறது. தோலில் ஊறும் கம்பளிக் கொழுப்பு தண்ணீரை உள்ளே விடுவதில்லை. அப்படிப்பட்ட ஆட்டின் முதுகில் விழும் பனி உருகாமல் அப்படியே கிடக்கும். உள்ளிருக்கும் சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்த ஆட்டின் உடம்புக்குள் எரியும் அடுப்பு இரைப்பைதான். உலர் தீவனம் அங்கே நொதிக்கும்போது உண்டாகும் வெப்பம் இரவெல்லாம் உடம்பைக் காக்கிறது. அதனால்தான் குளிர் நாட்டு மேய்ப்பர்கள் கோடையிலேயே புல்லை அறுத்து உலர்த்திச் சேமித்துவிடுகிறார்கள்; காஷ்மீரில் வில்லோ மர இலைகளையும் காயவைத்து அடுக்குகிறார்கள். இமாச்சலத்தின் 'கத்தி' (Gaddi) இன மேய்ப்பர்களும் காஷ்மீரின் பக்கர்வால் மேய்ப்பர்களும் பனி விழுமுன்பே மந்தையோடு தாழ்வான நாட்டுக்கு இறங்கிவிடுகிறார்கள். இறங்க முடியாதவர்கள் காற்றை மறைக்கக் கல்சுவர் எழுப்பி அதற்குள் ஆட்டை அடைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பல குளிர் நாடுகளில் குட்டி ஈனும் காலத்தையே வசந்தத்துக்குத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். கடும்பனியில் நிற்பது வளர்ந்த ஆடு. பிறந்த குட்டி அல்ல. அந்தக் காணொளியில் இது தெரியாது.

அங்கும் ஆடுகள் கூட்டம் கூட்டமாகச் சாவதுண்டு. மங்கோலிய மேய்ப்பர்கள் அதற்கென்றே 'ஜுத்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 2009-10 குளிர்காலத்தில் வந்த ஜுத், அந்த நாட்டின் கால்நடைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டுபோனது. முந்தைய கோடையில் மழை பொய்த்து, ஆடுமாடுகள் கொழுப்புச் சேர்க்காமலே குளிர்காலத்துக்குள் நுழைந்திருந்தன. பிறகு ஆழமான பனி புல்லை மூடிவிட்டது. சில ஜுத்களில் பனி உருகி மீண்டும் உறைந்து, குளம்பால் உடைக்க முடியாத கண்ணாடிப் பாளமாகப் புல்லின் மேல் படிந்துவிடும். புல் கீழே இருக்கும், ஆட்டின் வாய் எட்டாது. ஆடு சாவது குளிரில்தான். ஆனால் அந்தக் குளிருக்கு வழிவிட்டது பசி. மைனஸ் நாற்பது டிகிரியிலேயே கதை இப்படி என்றால், 18 டிகிரியில் செத்த நம் ஆட்டுக்குக் குளிரை மட்டும் காரணம் சொல்வது எப்படிப் பொருந்தும்?

நம் பக்கத்து ஆட்டுக்கு வருவோம். உங்களிடம் இருப்பது சென்னைச் சிவப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது முடியாடு, கம்பளி ஆடு அல்ல. வெயிலுக்காகவே உருவான உடம்பு. குட்டையான முடி, காற்றைச் சிறைபிடிக்கும் போர்வை கிடையாது. உலர்ந்திருக்கும் வரை பரவாயில்லை. நனைந்துவிட்டால் மண்பானை கதைதான். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது அல்லவா? நனைந்த ஆட்டின் மேல் காற்று வீசும்போதும் அதேதான் நடக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை அது தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓடவேண்டிய உடம்பு, மழை விடாத இரண்டு நாளில் தன் கையிருப்பையெல்லாம் இதற்கே செலவழித்துவிடுகிறது. மழை நாளில் மேய்ச்சலும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரில் விறைத்து இறந்தன. அங்கே ஒரு துளி வெண்பனி விழவில்லை. மழையும் காற்றும் சேர்ந்து, திறந்த வெளியில் நின்ற உயிர்களைக் கொன்றன. அதே புயல்தான் மாமல்லபுரத்தில் கரையேறி நம் மாவட்டங்களிலும் மழையைக் கொட்டிவிட்டுப் போனது.

இப்போது முதல் ஏழு குட்டிகள். பிறந்து இரண்டு நாளுக்குள், அடைமழை வாரத்தில் இறந்தவை. இவை உடம்புச் சூடு இறங்கியும் வயிறு காய்ந்தும் இறந்தன என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்வேன். குட்டி பிறக்கும்போது உடம்பெல்லாம் பனிக்குட நீரில் நனைந்திருக்கிறது. அதன் கையில் உள்ள முதலீடு சிறுநீரகத்தைச் சுற்றியும் தோள்பக்கமும் இருக்கும் கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு மட்டுமே. குளிரில் அது ஐந்து மணி நேரம் வந்தால் அதிகம். அதற்குள் சீம்பால் உள்ளே போயாக வேண்டும். இரண்டரைக் கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 125 மில்லி, முதல் 24 மணி நேரத்தில் அரை லிட்டர் என்பது கணக்கு. சீம்பால் உணவு மட்டுமல்ல. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகும் ஒரே வழியும் அதுதான். முதல் ஆறு மணி நேரத்தில் குடல் அதை முழுதாக வாங்கிக்கொள்ளும். ஒரு நாள் கழிந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஜவ்வாது அடிவாரத்தில் ஒரு பாட்டி பட்டி வைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஐப்பசி மழையில், கஷ்டப்பட்டு ஈன்றுகொண்டிருந்த ஓர் ஆட்டுக்காக இரவில் அங்கே போனேன். குட்டி வந்து விழுந்தது. நான் பையில் தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் அரிக்கேன் விளக்கை ஆணியில் மாட்டிவிட்டு, சுண்டுவிரலைக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். "வாய் சில்லென்று இருக்கிறது ஐயா, இது தானாக எழுந்திருக்காது" என்றார். மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை வழித்துவிட்டு, தலைகீழாகப் பிடித்து ஒருமுறை உதறினார். பிறகு வைக்கோலைச் சுருட்டி விலாவை அழுத்தித் தேய்த்தார். மென்மையாக அல்ல, தாயாடு நக்கும் அழுத்தத்தோடு. குட்டி தும்மியது. தாயின் காம்பு ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பீச்சலைத் தரையில் விட்டார். காம்புத் துளையை அடைத்திருக்கும் மெழுகு போன்ற முளை அப்படித்தான் வெளியே வரும். அதை எடுக்காமல் விட்டால் குட்டி சப்பிக்கொண்டே இருக்கும், பால் வராது. பார்ப்பவர் குட்டி குடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். கடைசியில் வைக்கோல் பரப்பிய கூடைக்குள் குட்டியை வைத்து, தாய் தலையை நுழைத்து நக்கும்படி கூடையைச் சாய்த்து வைத்தார். நான் தொப்புள்கொடியில் அயோடின் தடவியதைத் தவிர அந்த இரவில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வாய்க்குள் விரல் விட்டுப் பார்ப்பதை அதன் பிறகு ஒரு பட்டியிலும் நான் மறந்ததில்லை.

அதில் படித்தவன் சேர்க்கவேண்டியது ஒன்று உண்டு. குட்டியின் உடம்புச் சூடு 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஆபத்து. பிறந்து ஐந்து மணி நேரத்துக்குள் என்றால், துடைத்து உலர்த்திச் சூடு கொடுங்கள். விழுங்கத் தொடங்கியதும் சீம்பால் கொடுங்கள். ஐந்து மணி நேரம் கடந்து, வயிறும் காலியாக இருந்து, தலை தொங்கிவிட்ட குட்டி என்றால் வரிசை மாறும். அதன் ரத்தத்தில் சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் முதலில் சூடு காட்டினால், இருக்கும் கடைசிச் சர்க்கரையும் எரிந்து, வலிப்பு வந்து இறந்துவிடும். முதலில் வயிற்றறைக்குள் குளுக்கோஸ் ஊசி, பிறகுதான் சூடு. இதை மருத்துவர்தான் செய்யவேண்டும். ஈற்றுக் காலத்துக்கு முன்பே ஒருமுறை அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். விழுங்காத குட்டியின் வாயில் பாலை ஊற்றவே ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குத்தான் போகும். நல்ல எண்ணத்தோடு பாலாடையில் ஊற்றி இப்படி மூச்சடைத்துப் போன குட்டிகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்த நான்கு குட்டிகள், ஒரு மாத வயதில் இருமி இறந்தவை. இங்கே நான் ஊகத்துக்கு வருகிறேன், ஆனால் வலுவான ஊகம். சாவு தொடங்கியதும் மழைச்சாரலுக்குப் பயந்து கொட்டகையின் மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டியதாகவும், வாசலை மட்டும் திறந்து வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இருமல் அதற்கு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கியிருக்கிறது. இதே தவறை நான் ஒருவருக்கு ஆலோசனையாகவே சொல்லியிருக்கிறேன். வேலையில் புதிது, குளிர் என்றால் மூடு என்பதுதான் தெரியும். மூன்று வாரத்தில் அந்தப் பட்டியில் ஒன்பது குட்டிகளுக்கு நிமோனியா. அன்று விடியற்காலையில் அந்தக் கொட்டகைக்குள் போனேன். நின்றபோது ஒன்றும் தெரியவில்லை. இறந்த குட்டியைப் பார்க்கக் குந்தி உட்கார்ந்தபோது கண்ணில் நீர் வந்தது. குட்டியின் மூக்கு தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்தானே இருக்கிறது? மூத்திரத்திலிருந்தும் புழுக்கையிலிருந்தும் கிளம்பும் அமோனியா அந்த உயரத்தில்தான் அடர்த்தியாக நின்றது. கூரையின் உட்புறம் ஆடுகளின் மூச்சே நீராகக் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே பெய்யும் மழையை மறைக்கப்போய் உள்ளே ஒரு மழையை உண்டாக்கியிருந்தோம். அந்த ஒன்பதில் ஐந்தைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பு அல்ல.

ஆகவே தார்ப்பாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டும் இடம் மாறவேண்டும். வடகிழக்குப் பருவமழையின் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்த இரண்டு பக்கம் மட்டும், தரையிலிருந்து ஆட்டின் தலை உயரத்துக்கு மேல் வரை, அதாவது நான்கடி வரை மறையுங்கள். தென்னங்கீற்றுத் தட்டியும் போதும். அதற்கு மேலே கூரை வரை திறந்தே இருக்கட்டும். கூரையை மட்டும் இரண்டடி நீட்டி இறக்கிவிட்டால் சாரல் உள்ளே வராது. உடம்பில் காற்று படக்கூடாது, தலைக்கு மேல் காற்று ஓடவேண்டும். இதற்கு மீறிய தத்துவம் கொட்டகையில் இல்லை. வளர்ந்த ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி இடம் கொடுங்கள். தரையை வெளி மட்டத்துக்கு ஓர் அடியாவது உயர்த்தி, ஒரு பக்கமாகச் சரிவு கொடுங்கள். நம் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் கலந்து இடித்த தரை நன்றாகத் தாங்கும். மழை நாட்களில் ஈரமான இடத்தில் மட்டும் சுண்ணாம்பு தூவி, அதன் மேல் வேர்க்கடலைத் தோலோ உலர்ந்த சருகோ பரப்பி, நனைந்ததும் எடுத்துவிடுங்கள். சோதனை எளிது. விடியற்காலையில் உள்ளே போய்க் குந்தி உட்காருங்கள். உங்கள் கண் எரிந்தால் குட்டியின் நுரையீரல் எரிகிறது.

கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மூடிய இடத்தில் கரி எரிந்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். ஆடும் சாகும், காவலுக்குப் படுத்திருப்பவரும் சாவார். மாலையில் வேப்பிலை மூட்டம் போடுவது வேறு. அதைக் கொட்டகைக்கு வெளியே, காற்று வரும் பக்கமாகப் போடுங்கள். பல்பு வேண்டுமென்றால் ஈன்ற தாயும் குட்டியும் முதல் இரண்டு நாள் இருக்கும் மூலையில் மட்டும், வைக்கோலுக்கு மூன்றடி உயரத்தில், சங்கிலியில் தொங்கவிடுங்கள். மின்கம்பியிலேயே தொங்கவிட்டால் ஆடு இடித்து விழுந்து தீப்பிடிக்கும்.

மூன்று தாயாடுகளைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் அவை இறப்பதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டுத்தான் இறந்தன. தாடைக்குக் கீழே பை போன்ற வீக்கம் குளிரால் வருவதல்ல. ரத்தத்தில் புரதம் குறைந்து நீர் கோத்துக்கொள்வது அது. நம் பகுதியில் மழைக்காலத்தில் அதற்கு முதல் காரணம் குடற்புழு. இரைப்பையின் நான்காம் அறையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு ஒன்று உண்டு. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது 0.05 மில்லிதான், ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி. இருபத்தைந்து கிலோ ஆடு அதை எத்தனை நாள் தாங்கும்? ஏரிக்கரையிலும் பாலாற்றுப் பள்ளங்களிலும் மேய்ந்த ஆடு என்றால் நத்தை மூலம் வரும் கல்லீரல் தட்டைப்புழுவும் அதே வீக்கத்தைக் கொடுக்கும். உங்கள் ஆடுகளைக் கொன்றது இரண்டில் எது என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. புழுக்கையை ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இது தெரியவேண்டியது அவசியம், ஏனென்றால் உருண்டைப்புழுவுக்குக் கொடுக்கும் மருந்துகளில் பல தட்டைப்புழுவைக் கொல்லாது.

இதற்குச் செலவில்லாத பழக்கம் ஒன்று சொல்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆட்டின் கீழ் இமையையும் விரலால் இழுத்து, வெயிலில், உட்புறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெளுத்து, வெண்டைக்காய் விதை நிறத்துக்கு வந்திருந்தால் அந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுங்கள். பிறகு முதுகில், கடைசி விலாவுக்குப் பின்னால், கையை அழுத்தி வையுங்கள். முதுகெலும்பு சீப்பின் பல்லாகக் கையில் குத்தினால் அந்த ஆடு கூதிரைத் தாண்டாது. இப்போதே பிரித்துத் தீவனம் போடுங்கள். மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் கண்மூடித்தனமாக மருந்து ஊற்றுவதும், எடையைக் குறைத்து மதிப்பிட்டு அரை அளவு ஊற்றுவதும் புழுவை வளர்க்கும் வழிகள். மருந்து தாங்கும் புழுக்கள் மட்டும் மிஞ்சி, பிறகு எந்த மருந்தும் கேட்காது. பருவமழைக்கு முன் புரட்டாசியிலும் மழை ஓய்ந்து தையிலும் மந்தை முழுவதற்கும் கொடுத்தால் போதும். இடையில் வெளுத்தவற்றுக்கு மட்டும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் என்ற புழுமருந்தைக் கொடுக்காதீர்கள், கரு ஊனமாகும். இன்னொன்று, புழுக்குஞ்சு பனித்துளியில் நீந்திப் புல்நுனிக்கு ஏறும். அதனால் வெயில் ஏறிப் புல் உலர்ந்த பிறகே மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள். மார்கழிப் பனி ஆட்டுக்குச் செய்யும் உண்மையான கெடுதல் இதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் இறந்ததையெல்லாம் ஈரத்தின் கணக்கிலும் எழுதிவிடக் கூடாது. முகமும் உதடும் வீங்கி, மூக்கு ஒழுகி, வாயில் புண்ணோடு கால் நொண்டினால் அது நீலநாக்கு நோயாக இருக்கலாம். தேங்கிய நீரிலும் சாணச் சேற்றிலும் பெருகும் சிறு கடிபூச்சிதான் அதைப் பரப்புகிறது. மழைக்குப் பின் வரும் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த குட்டி திடீரென்று துள்ளி விழுந்து இறந்தால் துள்ளுமாரி. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், இருமல் எல்லாம் சேர்ந்து எல்லா வயது ஆடுகளுக்கும் வந்தால் ஆட்டுக்கொல்லி. உங்கள் இருமல் குட்டிகளுக்குக் கழிச்சலும் வாய்ப்புண்ணும் இல்லை என்று எழுதியிருப்பதால்தான் நிமோனியா பக்கம் சாய்கிறேன். துள்ளுமாரித் தடுப்பூசியை மழைக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். ஆட்டுக்கொல்லிக்குப் போட்டது மூன்று ஆண்டு தாங்கும். 1932-இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் நம் ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது. இந்தத் தடுப்பூசிகள் நமக்குத் தூரத்துப் பொருளே அல்ல. அப்படியும் அடுத்து ஓர் ஆடு இறந்தால், புதைக்குமுன் பிரேதப் பரிசோதனைக்கு எடுத்துச் செல்லுங்கள். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்தால் மட்டும் உடலை அறுக்கவும் கூடாது, தொடவும் கூடாது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், மருத்துவரை அங்கேயே அழைத்து வாருங்கள்.

தீவனத்துக்கு நம் ஊரில் கிடைப்பதே போதும். மானாவாரி வேர்க்கடலை பிடுங்கும்போது கிடைக்கும் கொடியைப் பூஞ்சை பிடிக்காமல் காயவைத்து, பரண்மேல் ஏற்றி, அடைமழை நாட்களுக்கென்றே பத்திரப்படுத்துங்கள். பத்து நாள் அடைமழையைத் தாங்கும் கையிருப்பு வேண்டும். ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ என்று வைத்தால் உங்கள் பட்டிக்கு அறுநூறு கிலோ. வயிற்றில் இருக்கும் குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. அந்த ஆறு வாரமும் சினை ஆட்டுக்குத் தினம் 200 கிராம் அடர்தீவனம், கம்பும் தவிடும் கடலைப் பிண்ணாக்குமாக, கொடுங்கள். குட்டியின் பழுப்புக் கொழுப்பும் தாயின் சீம்பாலும் அந்த 200 கிராமிலிருந்துதான் வரவேண்டும்.

கம்பளி இனம் வாங்கலாமா என்பதற்கு என் பதில், வேண்டாம். நீலகிரி ஆடு உதகைக் குளிரில் நன்றாக இருக்கிறது. சாண்டிநல்லாவில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் அதை ஒடுகத்தூர்ச் சித்திரை வெயிலில் நிறுத்தினால் இரண்டு மாதக் குளிருக்குப் பயந்து எட்டு மாத வெயிலில் ஆட்டை வதைப்பதாகும். சந்தையில் விலை மலிவாகக் கிடைத்தாலும் மனம் மாறாதீர்கள். உங்கள் சென்னைச் சிவப்பிலேயே, சென்ற கூதிரில் குட்டியைக் காப்பாற்றிய தாய்கள் எவை, கண் வெளுக்காத ஆடுகள் எவை என்று காதில் அடையாளமிட்டு, அவற்றின் பெண்குட்டிகளை நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவசரமான வேலை ஒன்று இருக்கிறது, அதனால்தான் கேள்வியைப் பார்த்த அன்றே உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனி பிறந்து பத்து நாள் ஆகிறது. செம்மறிக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். இன்று கிடாவோடு சேரும் ஆடு கார்த்திகைத் தொடக்கத்தில், சரியாக அடைமழையில் ஈனும். கிடாக்களை இன்றே பிரித்துக் கட்டுங்கள். பிரிக்க இடமில்லை என்றால் வயிற்றின் கீழே சாக்குத்துணியைக் கச்சை போலக் கட்டி மந்தையோடு விடுங்கள், தினமும் அவிழ்த்துப் பார்த்து, நனைந்திருந்தால் மாற்றிக் கட்டுங்கள். ஆவணி நடுவில் சேர்த்தால் குட்டிகள் தை நடுவில் விழும். அப்போது மழை ஓய்ந்திருக்கும், தரை உலர்ந்திருக்கும், காட்டில் புல்லும் தழையும் மீதமிருக்கும். கோடை நெருங்கும்போது குட்டிக்குத் தீவனம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. பதினொரு குட்டியின் விலையோடு வைத்துப் பாருங்கள். சித்திரையிலும் வைகாசியிலும் ஏற்கெனவே சினை பிடித்தவை சில இருக்கும். அவை புரட்டாசியிலிருந்து ஐப்பசிக்குள் ஈனும். அவற்றை இப்போதே கண்டுபிடித்துக் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டி வையுங்கள். நான்கடித் தட்டியும் உயர்ந்த தரையும் உள்ள மூலை முதலில் அவற்றுக்குத்தான் தயாராகவேண்டும்.